சாரல் தெரியுதா?

கட்டர் உடையும்போது பெரிய சத்தமெல்லாம் வராது. ‘டக்’. அவ்வளவுதான். அந்த வாரத்தின் நான்காவது ‘டக்’ கேட்டபோது மூத்த மருமகள் பட்டறையின் முன்னறையில், போனில் ஒரு வாடிக்கையாளரிடம் பெயர்ப்பலகை அளவு கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தக் குடும்பத்துப் பட்டறையில், கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் சி.என்.சி. மெஷினை ஏழு வருடமாக ஓட்டுபவள் அவள்தான். அலுமினியத் தகட்டில் எழுத்து வெட்டும் வேலை. சுழன்று வெட்டும் கட்டரின் முனையைக் குறிபார்த்தபடி விரல் தடிமனில் ஒரு குழாய், நாசில், இருக்கும். அதில் காற்றும், காற்றோடு பொடிச்சாரலாகக் கூலன்ட்டும் வரும். காற்று சீவலை ஊதித் தள்ளும், கூலன்ட் சூட்டைத் தணிக்கும். இரண்டும் முனையில் படவில்லையென்றால் அலுமினியம் இளகிக் கட்டரில் அப்பிக்கொள்ளும். பிறகு ‘டக்’தான். சரியாக அடிக்கும்போது அந்தச் சாரல் கண்ணுக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததுதான் கொழுந்தனுக்கு மனக்குறை. அவர் விளம்பரப் பிரிவின் தலைவர். பிரிவில் இருப்பது அவரும் அவருடைய செல்போனும் மட்டுமே. அண்ணி போன் எடுக்க நகர்ந்தால் போதும், ஐயா உள்ளே நுழைவார், நாசிலைக் கேமராப் பக்கம் திருப்புவார், கூலன்ட் திருகை முழுக்கத் திறப்பார். வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். வீடியோவில் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பாவம், கட்டருக்கு மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது.

“மறுபடியும் தம்பி நாசிலத் திருப்பி வச்சிருக்காரு மாமா,” என்றாள் அவள், உடைந்த துண்டை மாமனாரிடம் நீட்டி.

“கொஞ்சூண்டு திருப்பினேன்பா. அதுக்கா உடையும்?” என்றான் கொழுந்தன்.

“அதானே! மேலதான் ஃபேன் ஓடுதுல்ல? காத்துக்கு என்ன பஞ்சம்?” என்றார் மாமனார். பட்டறையின் முதலாளி பேசுகிற பேச்சு அது. “வாரத்துக்கு நாலு கட்டர் தாங்காதும்மா. நாளைலேர்ந்து சின்னவன் மெஷினப் பாத்துக்கட்டும். நீ போன் எடு.”

ஏழு வருடம் காதில் அந்த இரைச்சலோடு தூங்கியவள். சத்தத்தை வைத்தே கட்டரின் கூர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவாள். அவளைக் கொண்டுபோய் ‘ஹலோ’ சொல்ல உட்கார வைக்கிறார்கள்.

“சரி மாமா. அப்ப வீடியோ யாரு எடுப்பா?”

“அதையும் நீயே எடுத்துடேன். என்ன பெரிய வேல?”

“அது பெரிய வேலதான்பா,” என்றான் கொழுந்தன், முகம் வாடி.

மறுநாள் காலை அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. புதுக் கட்டரை மாட்டினாள், நாசிலை முனைக்கு நேராக வைத்தாள், சாரலை அளவாக விட்டாள். “இதுல மட்டும் கை வைக்காதீங்க தம்பி,” என்று மாமனார் காதுபடச் சொல்லிவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். மகனின் அரங்கேற்றத்தைப் பார்க்க மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் சீராக இறங்கியது. முதல் எழுத்து பளபளவென்று வந்தது. கொழுந்தன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான்.

“அண்ணி, சாரல் தெரியுதா?”

“தெரியலையே தம்பி.” சத்தியமாகத் தெரியவில்லை.

அவன் கை தானாகப் போனது. நாசில் திரும்பியது, திருகு திறந்தது, புகை பொங்கியது.

“இப்ப?”

“இப்ப பிரமாதமாத் தெரியுது.”

இரண்டாவது எழுத்தின் வளைவில் மெஷின் ஒரு மாதிரி கிறீச்சிட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். செல்போனை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

டக்.

மாமனார் நாசிலைப் பார்த்தார், மகனின் கையைப் பார்த்தார், அது இன்னும் திருகின் மேலேயே இருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முன்னறையில் போன் அடித்தது. பழக்கத்தில் அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“நீ இரும்மா,” என்றார் மாமனார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். “அடிக்குதுல்ல? போய் எடுடா.”