கசடு தட்டும் சுத்தியல்

பகலவன் தன் தீக்கோலை அணைத்துவிட்டுப் போன மேற்றிசையில் சிவப்பு இன்னும் ஆறாதிருக்க, பட்டறைகளின் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாய் இருளைப் போர்த்துக்கொள்ள, தெருமுனைப் பற்றவைப்புப் பயிற்சிக்கூடத்தில் மட்டும் நீலப் பொறிகள், எவரோ அள்ளி எறிந்த விண்மீன்களெனச் சிதறிக்கொண்டிருந்தன. படிப்போரே, அங்கு ஒரே மேசையில் நின்று பழகிய இரு பெண்களை நோக்குங்கள்: ஒருத்தி அண்ணி, மற்றவள் அவள் நாத்தனார். இருவருக்கும் ஒரே இரும்பு, ஒரே நெருப்பு, ஒரே அளவு பழக்கம். தகடுகளை உருக்கி இணைக்கும் தையலின்மேல் படிந்த கசடைத் தட்டி, உள்ளிருப்பதைக் காட்டும் சுத்தியலும் ஒன்றே.

மூத்தவள் என்னும் முறையால் அது அண்ணியின் கையிலேயே தங்கிற்று. தன் தையலைக் காண விரும்பியபோதெல்லாம் தட்டினாள். வீட்டில் இருவர் தட்டிலும் சேர்த்தே பரிமாறிப் பழகிய அன்பினால், நாத்தனாரின் தகட்டையும் அப்போதே தட்டிக் காட்டினாள்.

தேர்வு நாளில் ஆய்வாளர் அவ்விருவரின் தகடுகளையும், தையலின் உறுதி அறிய, இயந்திரத்தில் இட்டு வளைத்தார். அண்ணியினுடையது நாணலென வளைந்தது. நாத்தனாருடையதோ தையலிலேயே பிளந்தது. கப்பல் கட்டும் பட்டறைக்கு இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போவதென்ற எண்ணமும் அதனோடு விரிசல் கண்டது. அடுத்த வாரம் நாத்தனாருக்கு மறுதேர்வு. அதிலும் தவறினால் அவளுக்குரிய இடம் வேறொருவருக்கு.

அன்று மாலை வெறுமையான கூடத்தில் நாத்தனார் கேட்டாள்: “நீங்க பார்த்தப்பல்லாம் நானும்தானே அண்ணி பார்த்தேன்? உங்க கைக்கு மட்டும் எப்படி ஏறுச்சு? எங்கம்மா உங்களுக்குத் தனியா ஏதாவது ஊட்டிவிட்டாங்களா?”

“உங்கம்மாவா? எனக்கா? நல்லாச் சொன்னே போ!” என்று சிரித்த அண்ணி, பின் தானும் குழம்பினாள். “கை சரியா ஓடுச்சுன்னு தோணினாத்தான் நான் தட்டுவேன். நெசமான்னு பார்க்க.”

“எனக்கு எதுவுமே தோணல அண்ணி. நீங்க தட்டினீங்க, நான் பார்த்தேன்.”

அண்ணி தன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். பிறகு அதை அவளிடம் நீட்டினாள். “இந்தா, இனிமே நீயே வெச்சுக்க.”

“எப்பத் தட்டணும்?”

“அதையும் நானே சொன்னா, நானே தட்டின மாதிரிதானேடி?”

நாத்தனார் ஒரு தையல் ஓட்டி முடித்தாள். சுத்தியலை ஓங்கினாள், தட்டாமலே இறக்கினாள். நன்றாக வந்ததா, இல்லையா? இதுநாள்வரை தன் கையிடம் கேட்டறியாத அக்கேள்வி, புகைபோல் அவளைச் சூழ்ந்தது. விடை தெரியாமலே முகக்கவசத்தைத் தாழ்த்தி, அடுத்த தையலைத் தொடங்கினாள்.

கண்முன் காட்டப்படுவது வேறு, காண வேண்டுமென்று உள்ளம் தவிப்பது வேறு போலும். அன்பு முந்திக்கொண்டு விடை தந்த இடத்தில் கேள்வி பிறவாதே போனதோ, யார் அறிவார்? நீலப் பொறிகள் மட்டும், எதையும் சொல்லாமல், எரிந்து எரிந்து அவிந்தன.