தண்ணீர் இறங்கும் நேரம்

வரப்பின் மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்து, "இது எங்க வூட்டுக்காரு" என்றாள் இளவரசி. அதற்குப் பின்னால், மேடான இடத்தில் இன்னொன்றைக் கவிழ்த்தாள். "இது உங்க வஹாப்பு."

"எங்காளு ஏன் பின்னாடி போறாரு?" என்றாள் முஸ்கான்.

"ஒசரமா கீறவரு பின்னாடி நிக்கணும்டி. ஆளுக்கொரு லைட்டு. ரெண்டும் ஒன்னுக்கு மேல ஒன்னா தெரிஞ்சா கரைக்கு நேரா வந்துகினு கீறோம். தள்ளித் தள்ளித் தெரிஞ்சா வழி மாறிட்டோம்."

"அவரு நின்னுகினே தூங்கறவரு. அவர நம்புனா நாம பர்மாவுலதான் கரையேறணும்."

உத்திரமேரூரை அடுத்த பெருநகர் கிராமத்தில், இளவரசியின் அம்மா வீட்டுக் கிணற்றடி மோட்டார் கொட்டகை நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் கழித்து இரண்டு குடும்பமும் அந்தமானுக்குப் போகின்றன. இளவரசியின் தம்பி ஜெகன் அங்கே ஒரு தீவில், சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் அழைத்துப்போய்க் காட்டும் வேலையில் இருக்கிறான். அவன் தூண்டிவிட்டதில் தோழிகள் இருவரும் புதுச்சேரிக்குப் போய், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கப் பழகி, அதற்கான அட்டையும் வாங்கியிருந்தார்கள்.

பகலில் படகிலிருந்து இறங்குவதோடு இளவரசிக்கு ஆசை நிற்கவில்லை. இருட்டியபின், கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் போக வேண்டும். அடியில் டார்ச்சை அணைத்துவிட்டுக் கையை வீசினால் தண்ணீரே பொறி பொறியாக மின்னும் என்று ஜெகன் சொன்ன நாளிலிருந்து அதே நினைப்பு. அதுவும் முஸ்கானோடுதான் போக வேண்டும். திட்டத்தை அவர்களே போட்டுச் சொல்லட்டும், சரியா என்று தான் பார்ப்பதாக ஜெகன் சொல்லியிருந்தான்.

இருட்டுத் தண்ணீரும் டார்ச்சும் அவர்களுக்குப் புதிதல்ல. பகலெல்லாம் ஆண்பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போடும் இந்தக் கிணறு, பொழுது சாய்ந்த பிறகுதான் பெண்களுக்குக் கிடைக்கும். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் இளவரசியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த முஸ்கான், சனிக்கிழமைகளில் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவாள். அவள் அப்பா சனாவுல்லாவுக்கு பஜாரில் மளிகைக் கடை. காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கையோடு கொண்டுவருவாள். அதை முதுகில் கட்டிக்கொண்டு அவள் குதித்தால், சுடிதார் காற்றை வாங்கிப் பூசணிக்காய் மாதிரி உப்பும். தண்ணீரெல்லாம் கடலை எண்ணெய் வாசனை. கடையிலிருந்து எடுத்துவந்த பாலித்தீன் பையில் டார்ச்சைப் போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, தண்ணீருக்குள் பிடிப்பார்கள். ஜிலேபிக் கெண்டைகள் கூட்டமாக வந்து வெளிச்சத்தை முட்டும். கல் இடுக்கில் ஓர் ஆமை இருந்தது. அதற்கு முஸ்கான் தங்கள் கணக்கு வாத்தியார் பெயரை வைத்திருந்தாள்.

போன் அடித்தது. திரையில் ஜெகனும், அவனுக்குப் பின்னால் ஒரு துண்டுக் கடலும் தெரிந்தன.

"சொல்லுங்கக்கா. எங்க எறங்குறீங்க?"

"நீ சொன்ன வளைஞ்ச தென்னை மரத்தாண்ட. இருட்டுனதும் எறங்குறது, அதே எடத்துல ஏறுறது" என்றாள் இளவரசி.

"சிலிண்டர்ல காத்து எவ்ளோ கீறப்ப திரும்புவீங்க?"

"பாதிக்கு மேல கீறப்பவே" என்றாள் முஸ்கான். "ஒருத்தி மூஞ்சில ஒருத்தி லைட் அடிக்கமாட்டோம். டார்ச்ச வட்டமா சுத்துனா நல்லா கீறேன்னு அர்த்தம். குறுக்க ஆட்டுனா பேஜாரு."

"முஸ்கான் அக்கா தேறிட்டாங்க. சரி, தண்ணி எப்போ எறங்குது?"

உத்திரமேரூர் ஏரி தை மாதம் இறங்கத் தொடங்கினால் சித்திரையில் சேறு தெரியும். குளித்துக்கொண்டிருக்கும்போதே கரை விலகிப் போகும் என்ற யோசனையே அவர்களுக்கு வரவில்லை.

ஜெகன் சிரித்தான். "இது நம்ம ஏரி இல்லக்கா. நீங்க முன்னயே சொன்ன நாள்ல, இப்போ சொல்ற நேரத்துக்கு எறங்குனா, திரும்பி வர்றப்ப கரையாண்ட தண்ணியே இருக்காது. வெறும் பாறையும் பவளமும்தான். அத்த மிதிச்சிகினு சிலிண்டரோட எப்டி ஏறுவீங்க?"

முஸ்கான் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

"நான் வர்ல இளா. நீ தம்பியோட போய்ட்டு வா. நான் வூட்டுக்காரங்களோட கரையில குந்திகினு கீறேன்."

ஏன் என்று இளவரசி கேட்கத் தேவையில்லை. அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்புக் கோடையில் ஒருநாள், இதே கிணற்றில் டார்ச்சோடு முங்கிக்கொண்டிருந்தபோது, வேளை கெட்ட வேளையில் மோட்டாருக்கான திரீ பேஸ் கரண்ட் வந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகவே மோட்டாரைக் கிளப்பியது. மோட்டார் ஓடுவது புதிதா என்று இருவரும் ஆமையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊற்று வற்றிய கிணறு, தண்ணீர் சரசரவென்று இறங்கிவிட்டது. தலை தூக்கிப் பார்த்தபோது, சுவரில் நீட்டியிருந்த கடைசிப் படிக்கல் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. கத்தினார்கள். மோட்டார் சத்தத்தில் எதுவும் மேலே போகவில்லை. குழாயைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் கேனை நடுவில் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மடை திருப்ப வந்த இளவரசியின் அம்மா பாஞ்சாலி எட்டிப் பார்த்து, கயிறு போட்டு ஏற்றினாள். சனாவுல்லா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பிறகு மகளை அனுப்பவுமில்லை. கல்யாணம், பிள்ளைகள் என்று எத்தனையோ ஆகிவிட்டது. முஸ்கான் வருவாள், சாப்பிடுவாள், சிரிப்பாள். கிணற்றுப் பக்கம் முகம் திருப்பி உட்காரமாட்டாள். இன்றும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

கடலில் மின்னும் பொறியை ஜெகனோடு போயும் பார்க்கலாம். ஆனால் தன் டார்ச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு டார்ச் வட்டமாகச் சுற்றாவிட்டால் அது என்ன முங்கல்? இளவரசி கொட்டாங்கச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"ஜெகன்," என்றாள் முஸ்கான் திடீரென்று. "அந்தத் தண்ணி சொல்லாம கொள்ளாம எறங்குமா?"

"சொல்லாம எங்கக்கா? கடலுக்கு இன்னா ஆட்டோ ஸ்டார்ட்டரா போட்டுகீது? எந்த நாளு எப்போ ஏறும், எப்போ எறங்கும்னு அடுத்த வருசத்துக்கே போட்டு வெச்சிகீறாங்க. ரெண்டு நாளு தள்ளிக்கினா, இருட்டுனப்புறமும் தண்ணி ஏறிகினுதான் இருக்கும். அது எறங்கறதுக்குள்ள நீங்க கரையேறி டீ குடிச்சிடலாம்."

"முன்னாடியே எறங்கிடாதே?"

"அத்த முன்னாடியே எறக்க எந்த ஈபிக்காரனாலயும் முடியாது."

முஸ்கானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்தாள். பிறகு எழுந்து கொட்டகைக்குள் போனாள். மெயின் சுவிட்சை இறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது மூன்று பியூஸ் கட்டைகளையும் துப்பட்டா முனையில் முடிந்திருந்தாள்.

"இன்னாடி இது?"

"கடலுக்கு ஜெகன் கேரண்டி. இதுக்கு நான். ரெண்டு லைட்டையும் வையி. வழி தெரியுதான்னு பாக்கலாம்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிணற்று விளிம்பில் ஒரு விளக்கும், கொட்டகைக் கூரையில் ஒரு விளக்கும் வைத்தாள் இளவரசி. மேல் படியில், தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், துப்பட்டா முடிச்சை வைத்தாள் முஸ்கான். கையில் டார்ச்சோடு ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவி இறங்கினாள்; பின்னாலேயே இளவரசியும் இறங்கினாள். மார்கழித் தண்ணீர் மேலேயே நின்றது. இடுப்பளவு வந்ததும் முஸ்கான் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள்.

கேன் இல்லாமல் மிதந்தாள். இளவரசியின் டார்ச் ஒரு வட்டம் போட்டது. எதிர்ச் சுவரோரமிருந்து, கொஞ்சம் தாமதமாக, இன்னொரு வட்டம் வந்தது.

"ஆம இன்னும் கீதாடி?"

"ரிட்டயர் ஆயிருப்பாரு."

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. "யாருடி அது கெணத்துல? கரண்ட்டு வந்து வூட்ல லைட்டு எரியுது, மோட்டாரு ஓடல? பியூஸ எவன் புடுங்கினது?" என்று பாஞ்சாலியின் குரல் இறங்கியது. பிறகு தலையும் தெரிந்தது. "அட, முஸ்கானு! நீயா?"

"நான்தாம்மா. கட்டை எங்கிட்டதான் கீது," என்றாள் முஸ்கான், மல்லாந்து மிதந்தபடி. "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சித் தர்றேன்."