மாமா கைகாட்டிய சிற்பங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் பெரிய கலைஞர். நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். கேன்வாஸில் அவர் இழுத்த பட்டைகளும் திட்டுகளும் என்னவென்று கேட்டால், "உனக்கெல்லாம் மாடு வரைஞ்சாதான்டா புரியும்" என்பார். இரும்புத் தகட்டையும் பழைய கம்பியையும் ஒட்டிச் சிற்பமும் செய்வார். அவற்றை மினி லாரியில் ஏற்றி இறக்குவது என் வேலை. அவர் வெல்டிங் வைக்கும்போது இரும்பைப் பிடித்துக்கொள்வது அக்காவின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பக்கவாதம் வந்து மாமாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. படத்தில் நடுங்கினால் புதுப் பாணி என்று சொல்லித் தப்பிக்கலாம்; அதைத்தான் செய்தார். இரும்பு அப்படி ஏமாறாது. அதனால் வெல்டிங்கை அக்கா எடுத்துக்கொண்டாள். முதலில் அவர் சொன்னபடி ஒட்டினாள். பிறகு அவர் மத்தியானம் தூங்கும்போது தன் இஷ்டத்துக்கும் ஒட்டி, பட்டறையில் மற்றவற்றோடு நிறுத்திவைத்தாள். மனுஷன் கவனிக்கவே இல்லை.

கண்காட்சிக்குச் சிற்பங்களை ஏற்றிப்போக நான் வண்டியோடு வந்த காலையில், மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு வளைந்த தகட்டைத் தடவினார்.

"இந்த வளைவு இனிமே எனக்கு வராதுடா. நோய் வர்றதுக்கு முன்னாடி பண்ணது."

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அது நான் பண்ணதுங்க."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. பிறகு சிவந்தது. "வெட்டு."

"உங்க பேர்லயே போகட்டுங்க. எனக்குப் பேரு வேணாம். இது ஒண்ணை மட்டும் நாலு பேர் பார்க்கட்டும்."

"பிடிக்க வந்தவ பிடிச்சுக்கிட்டு நில்லு. வெட்டுடி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கொண்டுபோறேன் மாமா, என் வீட்டுல கிடக்கட்டும்" என்றேன்.

"அப்ப மத்த எதுவும் இங்கேருந்து நகராது" என்றார்.

அக்கா கேஸ் கட்டரைப் பற்றவைத்தாள். வெட்டும்போது அழுதாள். கை மட்டும் நடுங்கவில்லை.

"இன்னும் எதெல்லாம் உன்னோடது?"

அக்கா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "உங்க வேலை உங்களுக்குத் தெரியாதா? என்னோடதைக் காட்டுங்க, வெட்டிடறேன்."

மாமா கைத்தடியை நீட்டினார். "இது நொண்டுது. உன்னோடதுதானே?"

"ஆமாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவரே ஒட்டியது. நோய்க்கு முன்பே என் வண்டியில் போய், யாரும் வாங்காமல் என் வண்டியிலேயே திரும்பி வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அன்றைக்குத்தான் அவளைப் பார்த்து முதல்முறையாகப் பயந்தேன்.

"அந்த மூலையில இருக்கறது? ஏனோதானோன்னு ஒட்டியிருக்கு."

"அதுவும்தாங்க."

தடி நீண்டுகொண்டே போனது. குறை தெரிந்ததையெல்லாம் அவள் தலையில் கட்டினார். அவளும் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு வெட்டினாள். அவர் ஆயுசு முழுக்கச் செய்தது தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. போன மாதம் அவர் தூங்கும்போது அக்கா ஒட்டியது. மாமா அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"இதுதான்டா நான். பத்திரமா ஏத்து."

அக்கா கட்டரை அணைத்தாள்.

"பார்த்துத் தூக்குடா தம்பி," என்றாள். "மாமா சொல்றாருல்ல."