பூட்டாத படிவயல்

இணைய விளையாட்டு ஒன்றில் பலர் சேர்ந்து ஒரு பெரிய மலையூரையே கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் சாமை விளையும் படிவயல்கள் அனைத்தையும் கல் கல்லாக அடுக்கியவள் குண்டூர் நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த அம்சவேணி. கட்டி முடித்ததும் அவரவர் இடத்தை அவரவர் பெயரில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டின் விதி. கூடி உழைத்த இடத்துக்கு வேலி போடுவது அவள் ஊரில் மரியாதைக் குறைவு. ஆகவே அவள் பூட்டவில்லை.

அன்று மாலை குழுத் தலைவன் கலைமணி அந்த வயல்களைத் தன் பெயரில் பூட்டிக்கொண்டு, நேரலையில் ஊருக்கெல்லாம் சுற்றிக் காட்டினான்.

"அத்தனையும் நம்ம கைவேலைதானுங்க!"

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்சவேணி மைக்கைத் திறந்தாள்.

"ஏனுங்க, அது நான் கட்டினதுங்களே?"

"பூட்டாம உட்டது யாரு கண்ணு? கோவிச்சுக்காத. ஒத்தாசை செஞ்சவங்கன்னு கடைசியில உம் பேரும் வரும்."

குழுவினர் சிரித்தார்கள். மேகலாவின் சிரிப்பும் அதில் கேட்டது. விளையாட்டில் மேகலாவின் வீட்டுச் சுவரை எழுப்பிக் கொடுத்தவளே அம்சவேணிதான். கையிலிருந்த செல்போனே பிசுபிசுப்பது போலிருந்தது அவளுக்கு.

"எம் பேரை எடுத்துருங்க," என்றாள். "உங்க பேருங்களோட சேர்ந்து கெடக்கறது எனக்கு அருவருப்பா இருக்குதுங்க."

மறுமொழிக்குக் காத்திராமல் குழுவை விட்டு வெளியேறினாள்.