மூன்றாவது பொத்தான்

"எல்லாச் சோதனையும் ஆள் துணையில்லாம ஓடணும். அன்னைக்குத்தான் நிதாலை விடுவேன்" என்று முதலாளி அபூ ஸைஃப் சொல்லியிருந்தார்.

நிதாலுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. ஜோர்டானின் இர்பித் நகர மருந்துக்கடைகளுக்காக எங்கள் அலுவலகம் விற்கும் மென்பொருள் அவன் கையால் வளர்ந்தது. அவன் போன பிறகு நாங்கள் அதில் கைவைத்து எதையாவது உடைத்தால் உடனே காட்டிக்கொடுக்க, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சோதிக்கும் சின்னச் சின்ன நிரல்கள் வேண்டும். அவற்றை எழுதி ஓடவைக்கும் வேலை எனக்கு வந்தது. அவனை வழியனுப்பும் வேலை என்றும் சொல்லலாம்.

போவதற்கு முன் அவன் வீட்டுப் பெரியவர்கள் என்னைப் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஏலக்காய் சேர்த்த காப்பிப்பொடி வாங்கி வைத்திருந்தாள். எங்கள் வழக்கப்படி, முன்னால் வைக்கும் காப்பியை, பெண்ணின் அப்பா சம்மதம் சொல்லும்வரை வந்தவர்கள் தொடமாட்டார்கள்.

சோதனைகள் ஓடவேண்டிய மூலைக் கணினிக்குத் திரை கிடையாது. தொடங்கும், பாதியில் நின்றுவிடும். பிழை என்று எதுவும் வராது. வியாழக்கிழமை காலை என் மேசைத் திரையைக் கழற்றிக் கொண்டுபோய் அதில் மாட்டினேன். நடுவில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. 'இந்த மருந்து தீரப்போகிறது. வாங்கலாமா?' கீழே மூன்று பொத்தான்கள்: ஆம், இல்லை, இன்ஷா அல்லாஹ். பார்க்க ஆளில்லாத இடத்தில் இத்தனை நாளும் அது கேட்டபடியே நின்றிருக்கிறது.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

'இறைவன் நாடினால்' என்னும் அந்த மூன்றாவது பொத்தான் நிதால் வைத்தது. கடைக்காரர்கள் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். அவர்களுக்காக வைத்த இந்தப் பொத்தானை அமுக்கினால் பெட்டி மூடிக்கொள்ளும், மறுநாள் காலை மறுபடி கேட்கும். ஊரில் அதிகம் அமுக்கப்படுவது அதுதான்.

கேள்வியையும் பெட்டியையும் தனித்தனியாகப் பிரித்தேன். சோதனையின்போது பெட்டி திறக்காது. நான் எழுதிவைத்த பதில் நேராக உள்ளே போகும். ஆம் என்றால் மருந்துக்கு ஆர்டர் போகவேண்டும். இல்லை என்றால் இனி அதைப் பற்றிக் கேட்கக்கூடாது. இரண்டும் தேறின.

நிதால் ரொட்டியைக் கடித்தபடி வந்து என் மேசையில் சாய்ந்தான்.

"என்ன வாத்தியாரம்மா, என்னை ஊரைவிட்டுத் துரத்தியாச்சா?"

"உன் மூணாவது பொத்தான்தான் மறிச்சுக்கிட்டு நிக்குது. அதுல என்னத்தைச் சோதிக்கிறது?"

"அமுக்கினா ஒண்ணும் நடக்கலைன்னு சோதி. ஆர்டரும் போகக்கூடாது, கேள்வியும் அழியக்கூடாது. எல்லாம் இருந்தபடியே இருக்கணும்."

"அதுக்குப் பேர் பதிலா?"

"எங்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றே? மருந்துக்கடைக்காரன்கிட்டப் போய்க் கேளு."

நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நிதால், நீ போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுலேர்ந்து வருவாங்களா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தான். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

"இன்ஷா அல்லாஹ்."

என் அப்பா அந்தச் சொல்லைச் சொன்னால், சொன்னதைச் செய்யச் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார் என்று பொருள். நிதால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

கடைசிச் சோதனையை எழுதி ஓடவிட்டேன். முதல் தடவையே தேறியது. எல்லா வரிகளும் பச்சை. அபூ ஸைஃப் எட்டிப்பார்த்து, "அசத்திட்டே மகளே! இவனை இனி விட்டுடலாம்" என்றார். நிதால் கைதட்டினான்.

திரையைக் கழற்றி என் மேசைக்கே கொண்டுவந்தேன்.

அவன் போய்விட்டான். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. காப்பிப்பொடியை அம்மா தினமும் எங்களுக்கே போட்டுத் தீர்த்தாள். நான் நிதாலிடம் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பெட்டியாவது மறுநாள் காலை மறுபடி கேட்கும்.

நிரலில் நான் எதை மாற்றினாலும் மூலைக் கணினி எல்லாவற்றையும் திரும்ப ஓட்டுகிறது. மூன்றாவது பொத்தானை அமுக்குகிறது, ஏதாவது நடந்ததா என்று பார்க்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. பச்சை.