கெட்டி ஆயில்

எங்கள் கடைக்கு இன்ஜின் ஆயில் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் காரின் பானட்டைத் திறக்கத் தெரியாது. மீதிப் பேருக்குத் திறக்கத் தெரியும், திறந்த பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாது. "அண்ணே, இருக்கறதுலயே நல்ல ஆயிலா குடுங்க" என்பார்கள். நல்ல ஆயிலாம்! பத்தொன்பது வருடமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று இந்த மூஞ்சிகளைப் பார்த்து வருகிறேன். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நானே முடிவு செய்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு சொட்டைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தால் போதும், அந்த ஆயிலின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன்.

எதிர்ச்சாரியில் ஒரு ஆயில் கடை இருக்கிறது. அதன் உரிமையாளர் ஒரு தொடைநடுங்கி. வாடிக்கையாளர் வந்தால் எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மேனுவல் இருக்கிறதா என்று ஒரு விசாரணைக் கமிஷனே நடத்துவார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு அட்டவணையில் விரலை வைத்துத் தேடுவார். அவர் ஒரு ஆளை அனுப்புவதற்குள் நான் ஆறு பேரை அனுப்பிவிடுவேன்.

இவர்கள் எல்லோரையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவர் என் அத்தான்.

அக்காவின் கணவர். எதைச் செய்வதென்றாலும் முதலில் அதோடு வந்த புத்தகத்தைப் படிப்பார். மிக்சி வாங்கினால் மிக்சியின் புத்தகம், குடை வாங்கினால் அதில் தொங்கும் அட்டை. பூனையைக்கூட "நகருங்க" என்றுதான் சொல்வார். காருக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எப்போது என்ன மாற்றியது, யார் மாற்றியது என்று எழுதி, மாற்றியவரிடம் பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி கையெழுத்து வாங்குவார். ஆனால் இன்றுவரை அந்தக் காரில் ஒரு நட்டைக்கூடத் தொட்டுத் திருகியதில்லை. சரியான ஏட்டுச் சுரைக்காய்!

கார் அக்காவுக்காக வாங்கியது. அக்கா பிசியோதெரபிஸ்ட். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், முட்டி மாற்றியவர்கள் என்று ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து வீடுகளுக்குப் போய் வருவாள். மடக்குக் கட்டில், கரண்ட் கொடுக்கும் மெஷின், எடைகள் எல்லாம் பின்னால் அடைத்துக் கிடக்கும். அதையெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. அந்த இன்ஜின் செத்தால் அவள் வேலையும் செத்தது. இன்னொரு இன்ஜின் வாங்க அவர்களிடம் வழி கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதைச் செய்தேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு அத்தான் மேனுவலும் கையுமாகக் கடைக்கு வந்தார்.

"மச்சான், நம்ம வண்டிக்கு ஃபுல் சிந்தெடிக், ஜீரோ டபிள்யூ இருபதுன்னு போட்டிருக்கு."

"அத்தான், அது தண்ணி. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடின இன்ஜின்ல தண்ணியை ஊத்தினா உள்ள எல்லாம் உரசியே போயிடும். கெட்டியா ஊத்தணும். இருபது டபிள்யூ ஐம்பது."

"இல்லீங்க மச்சான். முதல் நம்பர் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு சீக்கிரம் ஓடுங்கறது. ரெண்டாவது நம்பர் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்குங்கறது. இந்த இன்ஜின்ல ஆயில் போற வழியெல்லாம் ரொம்பச் சின்னதாம். கெட்டியா இருந்தா மேல ஏற நேரமாகுமாம். இருபத்தேழாம் பக்கத்துல இருக்கு."

சின்னதாம், நேரமாகுமாம். பத்தொன்பது வருடமாக ஆயிலில் ஊறிய கைக்கு இருபத்தேழாம் பக்கம் பாடம் நடத்துகிறது! "சரி அத்தான், உங்க இஷ்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலின் காலி கேன்களை அப்படியே வெளியே போடமாட்டோம். ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போட்டுத்தான் போடுவோம். இல்லையென்றால் எவனாவது அதில் மட்டமான ஆயிலை ஊற்றி விற்றுவிடுவான். தினமும் சாயங்காலம் நானே நின்று குத்துவேன். அன்று நான்கு கேன்களைக் குத்தாமல் எடுத்து வைத்தேன். நான்குமே ஜீரோ டபிள்யூ இருபது. உள்ளே என் கெட்டி ஆயிலை நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் நானே மாற்றினேன். ஃபில்டரும் புதிது. நான் மாட்டும் ஒவ்வொரு ஃபில்டரிலும் வெள்ளை மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவேன், அதிலும் எழுதினேன். அத்தான் நோட்டில் "ஜீரோ டபிள்யூ இருபது" என்று மணிமணியாக எழுதி நீட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் ஓடட்டும், அடுத்த ஆயில் மாற்றும் நாளில் போட்டு உடைப்போம் என்று மனசுக்குள் ஒரு திட்டம். புத்தகத்தை அவர் தலையில் கவிழ்த்தமாதிரி இருக்கும்.

ஆறு மாதமும் கார் பூனை மாதிரி ஓடியது. எங்கே பார்த்தாலும் அக்கா, "என் தம்பி ஊத்தின ஆயில்டா, சத்தமே இல்ல" என்பாள். அத்தானும் தலையாட்டுவார். நான் கேட்டுக்கொண்டு கமுக்கமாக இருப்பேன். அவ்வளவு ருசியாக இருந்தது அந்த ரகசியம்.

போன ஞாயிறு அந்த நாள். இன்னும் நான்கு கேன்களை அதேபோல் நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அத்தான் நோட்டோடு தயாராக நின்றார்.

"அத்தான், வேலை முடியட்டும், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஆறு மாசமா அடக்கி வச்சிருக்கேன்" என்றேன்.

"சொல்லுங்க மச்சான்."

"முடியட்டும் அத்தான். அக்காவும் கேக்கணும்."

காரைச் சாய்தளத்தில் ஏற்றிவிட்டு அடியில் நுழைந்தேன். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் கறுப்பாகத் தட்டில் இறங்கியது. வழக்கம்போல் ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஓடி ஓடி இளகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபில்டரைத் திருகினால் அசையவில்லை. யாரோ கையாலேயே முறுக்கேற்றி இறுக்கியிருந்தார்கள். மூச்சைப் பிடித்துத் திருகி வெளியே எடுத்தேன்.

அது நான் மாட்டிய ஃபில்டர் இல்லை. வேறு கம்பெனி. அதிலும் வெள்ளை மார்க்கரில் எழுத்து இருந்தது. நான் மாட்டிய தேதிக்கு இரண்டு நாள் தள்ளி ஒரு தேதி. அதன் கீழே, ஜீரோ டபிள்யூ இருபது.

அத்தானின் மணிமணியான எழுத்து இல்லை அது. வலது பக்கம் சாய்ந்து ஓடும் அந்த எழுத்தை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். என் நோட்டு அட்டைகளில் என் பெயரை எழுதியது அதே கைதான்.

"ஏங்க, பழைய துணி எடுத்துட்டு வாங்க. மாடியில, பீரோவுக்குப் பின்னாடி பாருங்க" என்று அக்கா சொன்னது கேட்டது. அத்தானின் செருப்புகள் படியேறின. பிறகு அக்காவின் முகம் காருக்கு அடியில் குனிந்து என்னைப் பார்த்தது.

"பாத்துட்டியா?"

"எப்படிக்கா?"

"மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டு மூணு செகண்டு டிக் டிக்னு ஒரு சத்தம். அதுக்கு முன்னாடி இருந்ததில்ல. நாள் பூரா வறண்ட மூட்டோட சத்தத்தைக் கேக்கறவடா நான், எனக்குத் தெரியாதா? ஆயில் குச்சியை எடுத்துப் பாத்தேன், பாகு மாதிரி சொட்டுது. உன் கடைக்கு எதிர்ல இருக்காரே, நீ கடையை மூடினப்புறம் அவர்கிட்ட கொண்டு போனேன். அவர்தான் மாத்தவும் சொல்லிக் குடுத்தாரு. அவர் கடையிலயே வண்டிக்கு அடியில படுத்து நானே மாத்தினேன்."

"முதல்ல ஊத்தினது நான்னு அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். ஆறு மாசமாச்சு, உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? மனுஷன்."

அந்தத் தொடைநடுங்கி. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது எனக்கு வணக்கம் சொல்கிறவர். நானும் ஆறு மாதமாக அவரைப் பார்த்து ஏளனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தட்டில் இருந்த கறுப்பு ஆயிலுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அத்தானுக்கு?"

"சொல்லல. சொன்னா உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாரு, அவர் அப்படித்தான். ஆனா அதுக்கப்புறம் உன்னைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அசிங்கமா இருக்கும். பத்து பேர் என்னை நம்பிப் படுத்திருக்காங்கடா. வண்டி நின்னுருந்தா என்ன பண்ணியிருப்பேன்? உனக்கு அவரை மட்டம் தட்டணும், அதுக்கு என் வண்டியா கிடைச்சுது?"

உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி அவளுக்கும் தெரிந்திருந்ததால் மூடிக்கொண்டேன்.

அவள் எழுந்து டிக்கியைத் திறந்தாள். மடக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து சீல் உடையாத நான்கு கேன்களும் ஒரு ஃபில்டரும் வந்தன. எதிர்க்கடையின் ஸ்டிக்கரை மட்டும் கிழித்திருந்தாள். எனக்காகத்தான் கிழித்திருக்கிறாள்.

"இதை ஊத்து. உன்னோடதை எடுத்துட்டுப் போயிடு."

ஊற்றினேன். ஒவ்வொரு மூடியைத் திருகும்போதும் சீல் வளையம் பட்டென்று உடைந்தது. அந்தச் சத்தத்தை வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணிக் கேட்டேன். நான்காவது கேன் முடியும்போது அத்தான் துணியோடு வந்தார்.

"என்னமோ சொல்லணும்னீங்களே மச்சான்?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை அந்தப் பார்வையில்.

"மேனுவல்ல போட்டிருக்கறதுதான் சரி அத்தான்" என்றேன்.

பல்லைப் பிடுங்கியதுபோல் வலித்தது.

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கா ஆறு மாசம் அடக்கி வச்சிருந்தீங்க? இருபத்தேழாம் பக்கம், அன்னைக்கே சொன்னேனே!" என்று நோட்டைப் பிரித்தார். தேதி, கிலோமீட்டர், ஆயில், ஃபில்டர் எல்லாம் எழுதினார். அதோடு விடவில்லை. "ஆயில் தேர்வு: மச்சான்" என்று கூடுதலாக ஒரு வரி எழுதி, அடியில் கோடும் போட்டு, என்னிடம் நீட்டினார்.

அக்கா காலிக் கேன்களைத் தரையில் வரிசையாக வைத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.