சுவருக்கு அந்தப் பக்கம்

இர்பித் நகரில் விவாகரத்துப் பேச்சுக்கு வந்த நுஹாவையும் அவள் கணவன் முந்தஸிரையும் அடுத்தடுத்த அறைகளில் உட்கார வைத்திருந்தார்கள். நேருக்கு நேர் பார்த்தால் அடிதடியில்தான் முடியும். சமரசம் பேசும் இஃபத் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேணுமாம், நுஹா," என்றார் இஃபத்.

"அவர் கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு அக்கா. நீங்க பூசி மெழுகிச் சொல்ல வேண்டாம். வீடு, நகை எல்லாம் அவரே வெச்சுக்கட்டும். என் பொண்ணு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

இஃபத் போய்த் திரும்பினார். "இருக்கலாமாம். ஆனா நீ இர்பிதை விட்டுப் போகக் கூடாதாம்."

நுஹாவின் தாய்வீடும் புதிதாகக் கிடைத்த வேலையும் நாட்டின் மறுகோடியில், அகபாவில் இருந்தன. இந்த ஊரில் அவளுக்கென்று ஒருவருமில்லை. அது முந்தஸிருக்கும் தெரியும்.

"சரின்னு சொல்லிடுங்க," என்றாள். இஃபத்துக்குக் கேட்காததால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.